வெளிப்பூச்சை யாரிடம் கொடுப்பது? முதல்முறை வீடு கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டின் வெளிச்சுவருக்குப் பூசும் சிமெண்ட் பூச்சு வழக்கமாக 20 மி.மீ. கனம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் உள்ளே இருக்கும் செங்கலுக்கும் நடுவே நிற்பது அவ்வளவுதான். அதில் குறை இருந்தால் உள்சுவரில் ஈரம் ஏறும், பெயிண்ட் கொப்புளித்து உரியும், நாளடைவில் பீமிலும் தூணிலும் இருக்கும் கம்பிவரை தண்ணீர் போய்ச் சேரும்.

பூசி முடித்த அன்று நல்ல பூச்சும் மோசமான பூச்சும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெயிண்டும் அடித்துவிட்டால் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் தெரிவது கஷ்டம். முதல் மழைக்காலம் வந்த பிறகுதான் எது எப்படி என்று தெரியவரும். அதற்குள் சாரம் பிரித்து, கணக்கு முடித்து, பூசியவர்கள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்கள். அதனால்தான் சதுர அடிக்கு என்ன ரேட் என்று கேட்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்கு முன் பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கிறது.

எப்போது ஆள் தேட ஆரம்பிக்க வேண்டும்? சுவர் எழும்பி, மேல் கான்கிரீட் போடும் சமயத்திலேயே. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வெளிப்பூச்சுக்கு வசதியான காலம் தை முதல் பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. சித்திரை, வைகாசியில் பூசினால் காலையில் பூசியது மத்தியானத்துக்குள் காய்ந்து வெடிக்கப் பார்க்கும். அப்போதும் செய்யலாம், ஆனால் நிழல் விழும் பக்கமாகப் பார்த்துப் பூசவும், விடாமல் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். நல்ல மேஸ்திரிகளுக்கு தை மாதத்தில் ஓய்வே இருக்காது. முன்கூட்டியே பேசி வைத்தால்தான் கிடைப்பார்கள்.

முதலில் உங்கள் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும். சுவர் எதனால் ஆனது, மொத்தம் எத்தனை சதுர அடி.

செங்கல் சுவர், ஃப்ளை ஆஷ் கல், சிமெண்ட் சாலிட் பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) ஒவ்வொன்றுக்கும் பூச்சு கொஞ்சம் மாறும். செங்கல் சுவரை நன்றாக நனைத்துவிட்டுப் பூசுவார்கள். ஏ.ஏ.சி. பிளாக்கை அப்படி ஊறவைத்தால் அது குடித்த தண்ணீர் பின்னால் காயும்போது சுருங்கி, பூச்சில் வெடிப்பு வரும். அதற்கு மேலாக ஈரம் தெளித்தால் போதும். கலவையிலும் சிமெண்ட் விகிதம் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் வீடு ஏ.ஏ.சி. பிளாக் என்றால், செங்கல் சுவரில் பெயரெடுத்த மேஸ்திரியாக இருந்தாலும் ஏ.ஏ.சி.யில் பூசியிருக்கிறாரா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அளவுக்கு வருவோம். 30க்கு 40 அடி வீடு என்றால் சுற்றளவு 140 அடி. தரையிலிருந்து கைப்பிடிச் சுவர் உச்சிவரை 15 அடி என்றால் 2,100 சதுர அடி. கைப்பிடிச் சுவரின் உள்பக்கமும் மேற்பரப்பும் தனி. பலரும் இதை மறந்துவிடுவார்கள், கடைசியில் தகராறு வருவதும் இங்கேதான். இதே கணக்கில் சிமெண்டையும் போட்டுப் பார்க்கலாம். 20 மி.மீ. கனத்தில் 1:4 கலவைக்கு, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்றால், 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் மூட்டை ஆகும். ஆக 2,100 சதுர அடிக்கு 32 முதல் 37 மூட்டை. சுவர் கோணலாக இருந்தால் இன்னும் கூடும். பொருளோடு சேர்த்து எடுக்கும் ஒருவர் 20 மூட்டையில் முடித்துவிடுவேன் என்றால், எங்கே குறைக்கப் போகிறார் என்று கேட்க இந்தக் கணக்கு உதவும்.

பழைய வீட்டுக்கு மறுபூச்சு என்றால் முதலில் பழைய பூச்சு ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மொட்டைமாடியில் கசிவு இருக்கிறதா, குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா, அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பூசினால் யார் பூசினாலும் நிற்காது. வந்து பார்த்தவுடன் கொத்திவிட்டுப் பூசிவிடலாம் என்கிறவரைவிட, மாடிக்கு ஏறிப் பார்க்கிறேன் என்கிறவரை நம்பலாம்.

கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா?

நம் ஊரில் மூன்று வகையாக வேலை கொடுக்கிறார்கள். சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று பேசி, சிமெண்டும் மணலும் நாம் வாங்கித் தருவது ஒன்று. பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகக் கொடுப்பது இன்னொன்று. கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று நாள்கூலி கொடுப்பது மூன்றாவது.

நீங்கள் தினமும் வேலை நடக்கும் இடத்துக்குப் போக முடியும் என்றால் கூலி மட்டும் பேசுவதுதான் என் பரிந்துரை. சிமெண்ட் உங்கள் பணத்தில் வருவதால் அதைக் குறைக்க மேஸ்திரிக்குத் தேவையே இல்லை. பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு மூட்டையும் அவர் லாபத்திலிருந்து போகிறது. எல்லோரும் குறைப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் முதல்முறை கட்டுகிறவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு கட்டுகிறவர்களுக்குப் பொருளோடு சேர்த்துக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அப்படியானால் காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரிடம் கட்டணம் பேசி, முக்கியமான கட்டங்களில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

நாள்கூலி சின்னச் சின்ன ஒட்டு வேலைக்குப் பொருந்தும். முழு வீட்டுக்கு வைத்தால் இழுத்துக்கொண்டே போகும்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்குக் கூலி மட்டும் என்று செய்யும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பதிவு பெற்ற காண்ட்ராக்டர் பொருளோடு சேர்த்து எடுத்தால் 18 சதவீதம் சேர்ப்பார். இரண்டு ரேட்டை ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.

யாரைக் கேட்டு ஆள் தேடுவது?

சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், சிமெண்ட் கடைக்காரர் எல்லோரும் ஆள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலானோர் கேட்க மறக்கும் ஒருவர் பெயிண்டர். பட்டி பார்க்க, உப்புத்தாள் போட ஒவ்வொரு சுவரையும் கையால் தடவுகிறவர் அவர்தான். எந்த மேஸ்திரியின் சுவர் மட்டமாக இருக்கும், எவருடைய சுவரில் பட்டி மூட்டை மூட்டையாகப் போகும், எங்கே தட்டினால் கொட்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உங்கள் பகுதியில் நாலைந்து வருடமாகப் பெயிண்ட் அடிக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் அவரைத் தேடிப் போகலாம்.

மூன்று பேர் தேறினால் போதும். பத்துப் பேரிடம் ரேட் வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டு மழை பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்

புதிதாகப் பூசி முடித்த வீட்டைத்தான் எல்லோரும் பெருமையாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, குறைந்தது இரண்டு மழைக்காலம் கடந்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் அனுமதியோடு போங்கள். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்கு மேலோ போனால் வெயில் சாய்வாக விழும். சுவரில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் அப்போது நிழல் விழுந்து தெரியும். உச்சி வெயிலில் எந்தச் சுவரும் நேராகத்தான் தோன்றும்.

எங்கே பார்க்க வேண்டும்? பீமும் செங்கலும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் நீளமாக ஒரு கோடு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். தூணும் சுவரும் சேரும் இடத்தில் அதே கோடு நெட்டாக ஓடும். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலில் விரிவதும் சுருங்குவதும் வேறு வேறு அளவு என்பதால், அந்த இணைப்பில் வலை வைக்காமல் பூசினால் இந்த வெடிப்பு ஏறக்குறைய நிச்சயம். அடுத்து ஜன்னல் மூலைகள். அங்கிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பு சுவரின் கட்டுமானக் குறையாகவும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துப் பூசியவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். சுவர் முழுக்கச் சிலந்தி வலையாகப் பொடி வெடிப்பு ஓடியிருந்தால் அது பூச்சின் குறைதான். சிமெண்ட் அதிகமாகப் போட்டு இழைத்திருப்பார்கள், அல்லது பூசிய பிறகு சில நாள் நனைத்து வைக்காமல், அதாவது தண்ணீர் காட்டாமல் விட்டிருப்பார்கள்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். முன்விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் பள்ளக் கோடு, அதாவது சொட்டுக் கோடு, இழுத்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்ததும் சொட்டிவிடும். கோடு இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடி வந்து சுவரை நனைக்கும், ஜன்னலுக்கு மேல் கறுப்புத் தடம் விழும். இந்த ஒரு கோட்டை யாரும் சொல்லாமலே இழுத்திருக்கும் மேஸ்திரிக்கு வெளிப்பூச்சின் வேலை என்னவென்று தெரிந்திருக்கிறது.

சுவரை விரல் முட்டியால் அங்கங்கே தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிடித்திருக்கிறது. உள்ளே காலியாக இருப்பதுபோல் பொத்தென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்து நிற்கிறது. முக்கியமாக, கான்கிரீட் தூண், பீம் மேல் தட்டிப் பாருங்கள்.

அந்த வீட்டுக்காரரிடம் வேலை எப்படி என்று பொதுவாகக் கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வார். குறிப்பாகக் கேளுங்கள். பேசிய நாளில் ஆரம்பித்தாரா? நடுவில் ஆள் இல்லாமல் சாரம் சும்மா நின்றதா? பேசிய தொகைக்கு மேல் கேட்டாரா, எதற்குக் கேட்டார்? மழையில் குறை தெரிந்து கூப்பிட்டபோது வந்தாரா? எனக்குக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றிலும் முக்கியம். குறையே வராத வேலை அபூர்வம். போன் எடுத்து, வந்து பார்த்து, சரிசெய்து கொடுத்தவர் என்றால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம்.

இப்போது நடக்கும் வேலையையும் பாருங்கள்

முடிந்த வீட்டைவிட, நடந்துகொண்டிருக்கும் வேலை அதிகம் சொல்லும். எங்கே வேலை நடக்கிறது என்று கேட்டுவிட்டு, சொல்லாமல் ஒருநாள் போய் ஓரமாக நின்று பாருங்கள்.

மணலைச் சலிக்கிறார்களா? சிமெண்டையும் மணலையும் ஒரே பெட்டியால் அளந்து போடுகிறார்களா, குத்துமதிப்பாகச் சட்டி சட்டியாக வீசுகிறார்களா? கலவை போடும் இடத்தில் தகடோ தளமோ இருக்கிறதா, மண்ணின் மேலேயே பிசைகிறார்களா? டீ குடிக்கப் போகும்போது மிச்சமிருந்த கலவைக்குத் திரும்பி வந்து தண்ணீர் தெளித்து மறுபடி உயிர் கொடுக்கிறார்களா? தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் பூசிவிடுவது நல்ல வழக்கம். இறுக ஆரம்பித்த பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கினால் அது பலம் இழந்த கலவை. சுவரடியில் விழுந்த கலவையை மண்ணோடு அள்ளி மறுபடி மேலே அனுப்பினாலும் அதே கதிதான்.

நேற்றுப் பூசிய சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்க வேண்டும். மத்தியான வெயிலில் அது வெளிறிக் காய்ந்து கிடந்தால், அந்த ஆள் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் விடுவார்.

சாரத்தையும் பாருங்கள். குறுக்குக் கம்புகளைச் சுவரில் ஓட்டை விட்டுச் செருகியிருந்தால், சாரம் பிரிக்கும்போது அந்த ஓட்டைகளை எதைக் கொண்டு அடைக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். செங்கல் துண்டைத் திணித்து மேலே லேசாகப் பூசிவிட்டால், மழையில் தண்ணீர் நேராக உள்ளே வரும். உள்சுவரில் சம இடைவெளியில் வட்ட வட்டமாக ஈரத் திட்டு தெரிகிற வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுதான். சுவரைத் துளைக்காமல் இரட்டை வரிசையில் கால் நட்டுக் கட்டும் சாரம் கொஞ்சம் செலவு அதிகம், ஆனால் வெளிப்பூச்சுக்கு அதுவே நல்லது.

மேல் சாரத்தில் நிற்பவர்களுக்கு பெல்ட் இருக்கிறதா, நிற்கும் பலகை கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தன் ஆட்களின் உயிரைப் பற்றி அக்கறை இல்லாதவரிடம் வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மேஸ்திரியிடம் உட்கார்ந்து பேசும்போது

முதல் கேள்வி, சாரத்தில் ஏறிப் பூசப்போவது யார் என்பதுதான். பேசுகிறவர் ஒருவர், வேலைக்கு வருகிறவர்கள் அவரிடமிருந்து உள்குத்தகை எடுத்தவர்கள் என்பது இன்று சாதாரணம். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்து அருமையாகப் பூசுகிற குழுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு குறையும் இல்லை. தினமும் கூட நின்று மட்டம் பார்ப்பது யார், குறை வந்தால் பொறுப்பு யார் என்பது மட்டும் தெளிவாக வேண்டும்.

பிறகு வேலை முறையைக் கேளுங்கள். சோதிக்கிற தொனியில் வேண்டாம், தெரிந்துகொள்கிற தொனியில் கேட்டாலே போதும். நன்றாக வேலை தெரிந்தவர்கள் இதைப் பேசச் சந்தோஷப்படுவார்கள்.

பீமும் சுவரும் சேரும் இடத்தில் என்ன செய்வீர்கள்? இணைப்புக்கு இரண்டு பக்கமும் அரை அடி வருகிற மாதிரி கோழிவலை வைத்து ஆணியடித்துவிட்டுப் பூசுவோம் என்று பதில் வர வேண்டும். கான்கிரீட்டில் பூச்சு எப்படிப் பிடிக்கும்? கொத்திவிட்டு, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்துப் பூசுவோம் என்பார். செங்கல் இணைப்பு? பத்து மி.மீ. ஆழமாவது சுரண்டி விட வேண்டும். எத்தனை கோட்? வெளிப்புறத்துக்கு இரண்டு கோட் என்று சொல்கிறவரைத் தேடுங்கள். முதல் கோட்டைச் சொரசொரப்பாக விட்டு, ஓரிரு நாள் கழித்து அடுத்ததைப் பூசினால் முதல் கோட்டில் வரும் நுண்வெடிப்பை இரண்டாவது மூடிவிடும். 20 மி.மீ.யையும் ஒரே தடவையில் அப்பினால் பாரம் தாங்காமல் தொங்கும், பிரியும்.

சுவர் ஓர் இடத்தில் ஒன்றரை அங்குலம் உள்வாங்கியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். ஒரே நாளில் அப்பி மட்டமாக்கிவிடுவேன் என்பது ஆபத்தான பதில். வலை வைத்து, கோட் கோட்டாக ஏற்ற வேண்டும்.

பூச்சின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவி இழைப்பீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். பார்க்க வழுவழுப்பாக இருக்கும். மேல்தோலில் சிமெண்ட் அதிகமாகிப் பொடி வெடிப்பு விழும். வெளிச்சுவருக்கு மரப்பலகையால் தேய்த்து, ஸ்பாஞ்சால் ஒத்தி எடுத்த லேசான சொரசொரப்பே போதும்.

எத்தனை நாள் தண்ணீர் காட்ட வேண்டும்? குறைந்தது 7 நாள். இப்போது அதிகம் விற்கும் பி.பி.சி. சிமெண்டுக்கு (ஃப்ளை ஆஷ் போன்றவை கலந்த சிமெண்ட், மூட்டையிலேயே போட்டிருக்கும்) 10 நாளாவது வேண்டும். மூன்று நாள் போதும் சார் என்றால், அவர் வேறு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார்.

எல்லாக் கேள்விக்கும் ‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்று ஒரே பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

இப்போது ரேட்

மூன்று பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்து அதன்மேல் ரேட் கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்வார்கள். ஒப்பிடவே முடியாது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: சாரம் யாருடையது, வாடகை யார் தருவது, கான்கிரீட் கொத்துவது, கோழிவலை அடிப்பது, சன்ஷேட், கைப்பிடிச் சுவரின் உள்பக்கமும் மேற்பரப்பும், சொட்டுக் கோடு, மணலை மாடிக்கு ஏற்றுவது, தண்ணீர் காட்டும் ஆள், முகப்பில் இழுக்கும் பட்டை, க்ரூவ் போன்ற அலங்கார வேலை. அலங்கார வேலையைப் பெரும்பாலும் சதுர அடியில் சேர்க்காமல் ஓட்ட அடிக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளந்து, தனியாகக் கேட்பார்கள். ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிப்பதா வேண்டாமா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். அரை சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 5.4 சதுர அடிக்குள் இருக்கும் திறப்புக்குக் கழிவு கிடையாது என்பது இந்தியத் தரநிர்ணய அளவீட்டு முறை. பெரிய ஜன்னல்களுக்கு நம் பக்கத்தில் பல மேஸ்திரிகள் கழிக்காமல், ஜன்னல் பக்கவாட்டுப் பூச்சை அதில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டில் எதுவானாலும் சரி, எழுதிவிட்டால் கடைசி நாளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை.

மற்ற இருவரைவிட ஒருவர் ரொம்பக் குறைத்துச் சொன்னால், எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நேரடியாகவே கேளுங்கள். பக்கத்துத் தெருவிலேயே வேலை நடக்கிறது, சாரம் சொந்தம் என்பது நியாயமான காரணம். காரணம் சொல்ல முடியவில்லையென்றால் சிமெண்டிலோ, இரண்டாவது கோட்டிலோ, தண்ணீர் காட்டும் கூலியிலோதான் அந்தக் குறைப்பு வரும். பூச்சு வேலையில் குறைக்க வேறு இடம் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள்

நல்ல மனுஷன், எழுத்தெல்லாம் எதற்கு என்று தோன்றும். நல்ல மனிதரோடு எழுதிக்கொள்வது இன்னும் சுலபம். தமிழில், இரண்டு பக்கத்துக்குள், இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். மேலே சொன்ன தாளும், கலவை விகிதமும், கோட் எண்ணிக்கையும், தண்ணீர் காட்டும் நாட்களும், ஆரம்பிக்கும் முடிக்கும் தேதியும், ரேட்டும், அளக்கும் முறையும் அதில் வரட்டும். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதும் வேண்டும். ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா, மேஸ்திரி தொழிலாளர் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் இந்த வேலைக்காலத்துக்காவது எடுக்கச் சொல்லி, அந்தச் செலவில் நீங்களும் பங்கு போடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பவரிடம் போகாதீர்கள். சாரம் கொண்டுவர, ஆட்களை அழைத்துவர ஆகும் அளவுக்கு முன்பணம் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பக்கச் சுவரும் முடிய முடிய அளந்து கொடுத்து வரலாம். ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும் என்பதால் வாராவாரம் ஒரு தொகை கேட்பார்கள். அது நியாயம். ஆனால் கொடுத்த மொத்தம், முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ கொடுத்து, எதற்கு என்று ஒரு வரி குறிப்பும் போடுங்கள்.

மொத்தத் தொகையில் பத்து சதவீதத்தை மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மாசியில் முடித்த வேலைக்கு மார்கழிவரை காத்திருக்கச் சொன்னால் எந்த மேஸ்திரியும் யோசிப்பார், அவரும் குடும்பம் நடத்த வேண்டும். தண்ணீர் காட்டி முடித்து, தட்டிப் பார்த்து, ஹோஸால் சுவரில் தண்ணீர் அடித்துக் கசிவு சோதித்ததும் அதில் பாதி, மழைக்குப் பிறகு மீதி என்று பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இந்தத் தாள்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு கட்டும் வேலையும் சேவைதான். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம்வரை கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம். ஒப்பந்தமும் பணம் கொடுத்த சான்றும் படங்களும் இல்லாமல் அங்கே போய்ப் பேச ஒன்றும் இருக்காது.

பின்சுவரை முதலில் கொடுங்கள்

தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு சோதனை மீதி இருக்கிறது. முகப்பை விட்டுவிட்டு, தெருவுக்குத் தெரியாத பின்சுவரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அது முடிந்ததும் நான்கைந்து நாள் கவனியுங்கள். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், ஆறடி மட்டப்பலகையைச் சுவரில் வைத்து இடுக்கில் வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள், தட்டிப் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் ஒரு சுவரின் கூலியோடு கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

பொருள் உங்கள் பொறுப்பென்றால் சில வரிகள். கான்கிரீட்டுக்கான எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பூச்சுக்கு வாங்காதீர்கள். பூச்சுக்கென்று நைசாக வரும் பி-சாண்ட் வேண்டும், பொதுப்பணித் துறையின் தரச்சான்று பெற்ற குவாரி எது என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் நைஸ் தூசி மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பலாம். சிமெண்ட் மூட்டையில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையது வேண்டாம். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் வாங்கியாவது கலக்குங்கள், இல்லாவிட்டால் சுவரில் வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருக்கும்.

பூச ஆரம்பிக்கும் முன்பே ஏ.சி. குழாய் போகும் ஓட்டை, வெளிவிளக்கு, கேமரா வயர், மழைநீர்க் குழாய் கிளாம்ப் எல்லாவற்றையும் முடித்து, குழாய்களில் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்துவிடுங்கள். பூசிய பிறகு உடைத்தால் அந்த ஒட்டு வழியாகத்தான் ஈரம் நுழையும், அதற்கு மேஸ்திரியைக் குறை சொல்லவும் முடியாது.

சாரம் பிரிக்கும் நாளில் கண்டிப்பாக அங்கே இருங்கள். மேல் உயரத்தில் எதையாவது சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. சாரத்தில் ஆள் நிற்கும்போதே ஒவ்வொரு தட்டிலும் சுவரைத் தட்டச் சொல்லி, காலியாகச் சத்தம் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அங்கேயே வெட்டியெடுத்துப் பூசச் சொல்லுங்கள். பெயிண்டர் அவசரப்படுத்தினாலும் 28 நாள் கழித்தே பிரைமர் அடிக்கட்டும்.

மழை ஓய்ந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இருவருமாக வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். உள்சுவர்களையும் சேர்த்துப் பாருங்கள். குறை இருந்தால் எழுதி, சரிசெய்ய ஒரு தேதி வாங்குங்கள். சரிசெய்து முடித்த அன்றே நிறுத்தி வைத்த மீதியைக் கொடுத்து, கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னபடி வந்து முடித்துக் கொடுத்தவரின் போன் எண்ணை அடுத்து வீடு கட்டப்போகும் தெருக்காரருக்கும் கொடுங்கள்.